சப்பாத்து மட்டையின் மற்றப் பக்கம்

1

போன வியாழக்கிழமை பின்னேரம் குருநகரில் என் மனைவி றீற்றா செத்துப்போனாள். அதே நேரம் டென்மார்க்கில் அவள் பேரப்பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். இதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை உலாவுகிறது. சில கதைகளில் எனக்கு விசர் பிடித்துவிட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

எழுதுகிறவன் யார் என்று தெரியவேண்டும் அல்லவா. நான் பெனடிக். இதே தெருவில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. அதற்கு மேலே மேலே படித்தவர்கள் பிறகு என் கடையில் மீன் வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவர் பொறியியலாளர், நன்றாகத்தான் வெட்டினார். நான் எழுதுவதைத் தங்கையின் மகள் ஜெனிற்றா கணினியில் ஏற்றித் தருகிறாள். எழுத்துப் பிழைகளை அவள் திருத்தலாம். கருத்தில் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நான் இப்போது இருக்கிற டென்மார்க்கில் குளிர் கூடிய மாதங்களில் வருடா வருடம் இங்கே வந்து நிற்பேன். இந்த முறை வரும்போது கூடவே ஒரு குழப்பத்தையும் கொண்டுவந்தேன். அதை இறக்கி வைக்கலாம் என்று பார்த்தால் அது இன்னும் பெருத்துவிட்டது.

2

டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் இருக்கிறேன். எண்பதுகளில் போனவன். முதலில் மீன் ஆலையில் வேலை. நான் கத்தி பிடிக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு மேற்பார்வைக்காரன் மற்றவர்களைக் கூப்பிட்டு என் கையைக் காட்டினான். பிறகு சொந்தக் கடை. பிறகு பக்கத்துக் கடையையும் வாங்கிச் சுவரை இடித்துப் பெரிதாக்கினேன். அந்த ஊரில் நத்தார்ப் பண்டிகைக்கு நல்ல மீன் வேண்டும் என்கிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

யென்ஸ் என் கடைக்கு வரும் வாடிக்கையாளர். ஓய்வு பெற்ற தபால்காரர். நெடுவல் மனிதர், குனிந்து நடப்பார். ஒரு நாள் கடையின் வானொலியில் ஒரு ட்ரம்பெற் தனியாக, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கத்தியைக் கீழே வைத்தேன். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதை வெளியூரார் விளங்கிக்கொள்ள ஒன்று சொல்லவேண்டும். குருநகரில் கோயில் திருநாளுக்கும் பாண்ட் வரும், செத்தவீட்டுக்கும் பாண்ட் வரும். ஆட்களும் அவர்கள்தான், வாத்தியங்களும் அவைதான். நடை மட்டும் வேறு. திருநாள் நடை துள்ளிக்கொண்டு போகும். ஒரு ட்ரம்பெற் தனியாக இழுத்து இழுத்துப் போனால் சவப்பெட்டி வீட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டது, சேமக்காலைக்குப் போகிறது என்று அர்த்தம். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழும்பி வாசலில் நிற்கவேண்டும். இது எங்கள் காலில் ஊறிய பழக்கம். கால் எழும்பிய பிறகுதான் தலை யோசிக்கும்.

நான் தொப்பியோடு நின்றதை யென்ஸ் கண்ணாடிப் பெட்டிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடியும்வரை அவரும் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், "நீயும் ஜாஸ் கேட்பவனா?" என்று கேட்டார்.

ஜாஸ் என்றால் என்ன என்று எனக்கு அன்று தெரியாது.

"ஓம், சின்ன வயதிலிருந்தே" என்றேன்.

அது முழுப் பொய்யில்லை என்று பிறகு தெரிந்தது.

3

அப்படித்தான் வியாழக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்தேன். யென்ஸ் வீட்டு நிலக்கீழ் அறை. அவர், ஒரு கணக்கு வாத்தியார், ஒரு பல் வைத்தியர், நான். வாத்தியாரும் ஓய்வு பெற்றவர். பல் வைத்தியர் மட்டும் இன்னும் பல் பிடுங்குகிறார். ஆளுக்கு ஒரு றெக்கோட் கொண்டுபோகவேண்டும். அதில் ஒரு பக்கம் மட்டும் போடலாம். மற்றப் பக்கத்தை விரும்பினால் வீட்டில் தனியே கேட்டுக்கொள்ளவேண்டியதுதான். பக்கம் முடிந்து, ஊசி கீர் கீர் என்று நடுவில் சுற்றிக்கொண்டிருக்கும். யென்ஸ் எழும்பிப் போய் அதைத் தூக்கும்வரை ஒருவரும் கதைக்கக்கூடாது. சில நாள் அவர் நெடுநேரம் தூக்கமாட்டார். எனக்கு வாய் துடிக்கும். என்னைப் போல ஒருவனை வாய் மூடி இருக்க வைத்தது அந்த ஊசி ஒன்றுதான். றீற்றாவால் முடியாதது.

பிறகு ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்வார்கள். எந்த நகரத்தில் பதிந்தது, அன்றைக்கு மேளம் அடித்தவர் ஏன் மாறினார், எல்லாம் தெரிந்து வைத்திருப்பார்கள். வாத்தியார் கொண்டுவருவது எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று பிடிபடாத சாமான். ஆயுள் முழுக்க விடை சொல்லிக் கொடுத்தவருக்கு விடை வராத பாட்டுத்தான் பிடிக்கும். பல் வைத்தியருக்குப் பெண்கள் பாடவேண்டும், அதுவும் அழுதால் நல்லது. யென்ஸுக்கு ட்ரம்பெற். எனக்கு எது பிடிக்கும் என்றால், சனங்களுக்கு முன்னால் வாசித்துப் பதிந்தவை. பின்னால் கண்ணாடிக் குவளை முட்டும் சத்தம், கதிரை இழுபடும் சத்தம், யாரோ ஒருவன் இருமுவது. அந்த இருமல்காரன் இப்போது இருக்கிறானோ இல்லையோ. வாசித்தவனின் பெயர் றெக்கோட்டைப் போட்டு வைக்கிற மட்டையில் இருக்கிறது. அவன் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் ஊசி வைத்தால் வந்து இருமிவிட்டுப் போகிறான்.

வாசிப்பவர்களின் பெயர்கள் என் வாயில் நிற்காது. எங்கள் ஊரில் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரையும் கண்டுபிடிக்க முடியாது, பட்டப்பெயர் வேண்டும். நானும் பட்டம் வைத்தேன், எனக்குத் தெரிந்த மீன் வகையில். ஒரு சாக்ஸபோன்காரர் நெத்தலி. குட்டிக் குட்டிச் சுரங்கள் பட்டாளமாகப் போய், எல்லாம் ஒன்றாகத் திரும்பும். பெரிய வயலின் மாதிரி ஒன்றைக் கட்டிப்பிடித்துக் கையால் இழுத்து வாசிக்கும் ஒருவர் திருக்கை. அவரைத் தேடினால் காணமாட்டீர்கள். அடி மணல் அசையும்போதுதான் அவர் போனது தெரியும். யென்ஸின் ட்ரம்பெற்காரர் சீலா. நீளம், வெள்ளி, பல்லும் உண்டு.

முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள். பல் வைத்தியர் கடைக்குத் தொலைபேசி எடுத்து, "பென், நெத்தலியின் பழைய மட்டை ஒன்று அகப்பட்டிருக்கிறது" என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் வியாபாரம் பேசுகிறேன் என்று நினைப்பார்கள்.

மொழியில் எனக்கு ஒரு சறுக்கல் நேர்ந்ததும் அந்த அறையில்தான். ஒரு நாள் சீலா வாசித்து முடிந்ததும் என் முறை. மிகச் சிறந்தது என்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ட்ரம்பெற்காரனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டுக் கிடையாது என்பதால், "இதைச் செத்தவீட்டுக்குப் போடலாம்" என்று டேனிஷில் சொல்லிவிட்டேன். வாத்தியாரின் முகம் சுருங்கியது. இந்த மனிதன் இசையைப் பிணம் என்கிறானா என்று நினைத்திருப்பார். நான் பாண்டையும், பெட்டியையும், வாசலில் எழும்பி நிற்பதையும் விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் அதுவே அதியுயர்ந்த தரம் ஆகிவிட்டது. நல்லது, மிக நல்லது, செத்தவீட்டுத் தரம். வருடத்தில் ஒன்றோ இரண்டோதான் அதைப் பெறும். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் போட்ட அளவுகோலில் படித்தவர்கள் அளந்தார்கள் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

4

செத்தவீட்டுத் தரம் பெற்றவற்றில் முதலாவது சப்பாத்து மட்டை. மட்டையில் வேறு படம் இல்லை. லேஸ் அவிழ்ந்த ஒரு சோடி சப்பாத்து மட்டும். சீலாவும் திருக்கையும், மேளத்தைத் தும்புத்தடியால் கூட்டுவதுபோல மெதுவாகத் தேய்க்கிற ஒருவரும். முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பெட்டிக்குப் பின்னால் போகிற நடை. இலையுதிர் காலம் தொடங்கும் வியாழக்கிழமையில் யென்ஸ் அதைக் கொண்டுவருவார்.

"மற்றப் பக்கம் எப்படி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியாது. கேட்டதில்லை" என்றார்.

வாலிபத்தில் வாங்கிய றெக்கோட். ஒரு பக்கத்தை இத்தனை வருடமாகக் கேட்காமலே வைத்திருக்கிறார். ஏன் என்றதற்கு, "எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டால் பிறகு என்ன செய்வது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. ஒரு மீனை வாங்கி ஒரு பக்கச் சதையைத் தின்றுவிட்டு, மற்றப் பக்கத்தை ஆயுள் முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிற மனிதனை நான் கண்டதில்லை.

அதற்குச் செத்தவீட்டுத் தரம் என்று நான் தீர்ப்புச் சொன்ன அன்று யென்ஸ் சிரித்துக்கொண்டு, "அப்படியென்றால் இது எனக்கு" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் அப்படிச் சொன்னால் அது கட்டளை. மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

போன பங்குனியில் அவர் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது விழுந்தார். அப்படியே முடிந்துவிட்டது.

அவருடைய மகள் கிறிஸ்டினிடம் போனேன். பாட்டு என்ன என்று எனக்குத் தெரியும், மற்ற ஏற்பாட்டை என்னிடம் விடு, தலைநகரத்திலிருந்து நல்ல பாண்ட் ஒன்றை பஸ் பிடித்துக் கூட்டிவருகிறேன், முழுச் செலவும் என்னுடையது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா இசை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், பென். எதுவும் வேண்டாமாம்."

"ஏன்?"

"அதை அவர் சொல்லவில்லை."

அடக்கத்தன்று சிற்றாலயத்தில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். பாதிரியாரின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. வாழ்நாள் முழுக்க இசையைக் கேட்டுக்கொண்டே இருந்த மனிதனுக்கு அவ்வளவுதான். பிறகு கோப்பி, கேக். ஒருவரும் வாய்விட்டு அழவில்லை. நான் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் கடதாசிக் கைக்குட்டை ஒன்றை எடுத்துத் தந்து, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அது மரியாதைக்குச் செய்தது. இருந்தாலும் என் அழுகை அதோடு நின்றுவிட்டது.

கிறிஸ்டின் றெக்கோட்டுகளைக் கூட்டத்தாருக்குப் பங்கிட்டாள். பல் வைத்தியரும் வாத்தியாரும் அரிதானவற்றை எடுத்தார்கள். நான் சீலாவின் றெக்கோட்டுகள் அடுக்கிய பெட்டியையும் யென்ஸின் றெக்கோட் பெட்டியையும் கேட்டேன், பாட்டுப் போடுகிற மெசினைத்தான் சொல்கிறேன். அடுத்த வியாழக்கிழமை பல் வைத்தியர் வீட்டில் கூட்டம். சப்பாத்து மட்டையைப் பையிலிருந்து எடுத்தேன். வாத்தியார் மெல்லிய குரலில், "இன்றைக்கு அது வேண்டாம், பென்" என்றார். வேறு எதையோ போட்டார்கள். அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. வீட்டிலும் ஒன்றையும் போடவில்லை. மெசின் துணியால் மூடியபடி இருந்தது. 'இது எனக்கு' என்றதும் அவர் வாய், 'எதுவும் வேண்டாம்' என்றதும் அவர் வாய். இரண்டில் எது சிநேகிதன் சொன்னது, எது செத்தவன் சொன்னது? அதைப் போடாமல் விட்டால் சொல் தவறியவன் ஆவேன். போட்டாலும் அதே பெயர்தான்.

5

மகன் அன்ரனிடம் கேட்டுப் பார்த்தேன். அங்கே பிறந்தவன், அவர்களின் மனம் அவனுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை.

"அது அவரின்ரை விருப்பம், பப்பா. மதிக்கவேணும்" என்றான்.

"அப்ப எனக்கும் உப்பிடித்தானோ செய்வாய்?"

"நீங்கள் என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ. நான் இப்பவே குறிச்சு வைக்கிறன்."

உண்மையாகவே போனைக் கையில் எடுத்துவிட்டான். நல்ல பிள்ளை. தகப்பனின் செத்தவீட்டைப் பல் வைத்தியரிடம் நேரம் எடுப்பதுபோல எடுக்கிறான்.

இந்த ஜாஸ் எல்லாம் கிழட்டு வெள்ளையரின் பாட்டு என்றும் அவன் சொல்வதுண்டு. மட்டைகளை அவன் முன்னால் பரப்பி, "பார், எத்தினை வெள்ளை முகம் இருக்கு?" என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை.

"வாசிக்கிறது அவை. கேக்கிறது கிழட்டு வெள்ளையர்தானே, பப்பா."

"நான்?"

"நீங்களும் இப்ப கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

நான் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிறம் அப்படியே இருந்தது.

6

மெசினையும் சீலாவின் பெட்டியையும் ஊருக்குக் கொண்டுவரத் தீர்மானித்தேன். யென்ஸ் வேண்டாம் என்றது அங்கே. இங்கே போட்டால் அவர் சொல்லைத் தட்டியதாகாது என்பது என் கணக்கு. ஒரு வழக்கறிஞன்கூட அப்படி யோசித்திருக்கமாட்டான்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். சிங்களவர், தமிழ் ஓரளவு பேசினார்.

"இது எல்லாம் என்ன, ஐயா?"

"பாட்டு."

"பாட்டு போன்ல இருக்குதானே?"

"இது செத்துப்போன ஒருவரின்ரை."

"சொந்தக்காரரா?"

"கூட்டாளி."

அவர் யோசித்தார். சொந்தக்காரர் என்றால் ஒரு விதம், வியாபாரம் என்றால் இன்னொரு விதம். கூட்டாளிக்கு அவரிடம் ஒரு விதமும் இருக்கவில்லை. சப்பாத்து மட்டையைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்து, "சப்பாத்து மட்டும் இருக்கு. ஆள் எங்க?" என்றார். நான் மட்டையை வாங்கித் திரும்பப் பெட்டிக்குள் செருகினேன். மூடிக்கொண்டு போகச் சொன்னார்.

7

எதைச் செய்தாலும் சின்னதாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. யாழ்ப்பாணம் ரவுனில் கிடைத்ததில் மிகப் பெரிய ஸ்பீக்கர் சோடி ஒன்றை வாங்கி, முன் விறாந்தையில் தெருவைப் பார்த்தபடி வைத்தேன். வியாழக்கிழமை நாலு மணிக்கு ஜாஸ் கூட்டம், வடையும் தேநீரும் உண்டு என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

முதலில் மத்தேசுவிடம்தான் போனேன். எனக்கு ஒத்த வயது, ஒரே வாங்கில் இருந்து படித்தவன். நான் விட்ட பிறகு அவன் இன்னும் ஒரு வருடம் இருந்தான். அதை இன்றுவரை சொல்லிக் காட்டுவான்.

"ஜாஸோ? அதென்னடா, தின்னுறதோ?"

"கேக்கிறது. நல்ல பாட்டு. ஒரு பக்கம் போட்டுக் கேட்டுட்டு, பிறகு இருந்து கதைப்பம்."

"பாட்டைக் கேட்டுட்டு அதைப் பற்றி ஏன்ரா கதைக்கவேணும்? உனக்கு வெளிநாட்டிலை கதைக்க ஆளில்லையோ?"

"வாவன்ரா. வந்து பார்."

"பாப்பம்" என்றான். குருநகரில் 'பாப்பம்' என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம்.

எதிர்வீட்டு ஞானம்மா அக்காவிடமும் சொன்னேன். தெருவில் எந்த வீட்டு மரணத்துக்கும் முதலில் வந்து, கடைசியாகப் போகிறவர். "எனக்குப் பாட்டுக் கேக்க நேரமெங்கை, தம்பி?" என்றார்.

நாலு மணி ஆயிற்று. ஜெனிற்றா வடையை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். நாலரை ஆகியது. கூட்டத்துக்கென்று அடுக்கிய கதிரைகளில் நானும் ஒரு பூனையும் இருந்தோம். எனக்குக் கோபம் வந்தது. வராவிட்டால் போகட்டும், யென்ஸுக்காகத்தானே கொண்டுவந்தது என்று சப்பாத்து மட்டையை எடுத்தேன். ஊசியை வைத்தேன். சத்தத்தை முழுக்கத் திறந்துவிட்டேன்.

8

சீலா தனியாக இழுக்கத் தொடங்கினார். ஒரு வருடத்துக்கு மேலாகக் கேட்காதது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது ஞானம்மா அக்கா தலையில் முக்காடும் கையில் செபமாலையுமாகப் படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள். மத்தேசு வெள்ளைச் சேட்டில் பித்தான் பூட்டியபடி வந்தான். ஞானம்மா அக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"ஐயோ என்ரை றீற்றா, சீமை பார்க்கப் போன மகராசி, ஒரு முகம் காட்டாமல் போட்டியோடி…"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. றீற்றாவுக்கு என்ன? இவர்களுக்கு ஏதோ செய்தி வந்து எனக்கு மட்டும் வரவில்லையோ? நானும் அழத் தொடங்கிவிட்டேன். நான் அழுததைக் கண்டு மற்றவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்தது. படலையடியில் லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டி வந்து நின்றது. செத்தவீடுகளுக்குக் கதிரை கொடுக்கிற வாசகசாலைக்காரர் அவற்றை இறக்கத் தொடங்கினார்கள். சந்தியில் செத்தவீட்டுக் கொடி கட்ட ஆள் போய்விட்டதாம்.

அந்த நேரம் போன் அடித்தது. ஜெனிற்றா எடுத்துப் பார்த்துவிட்டு, முகம் வெளிறி, அதை என் காதில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ" என்றது றீற்றாவின் குரல். "ஊரிலையிருந்து ஆரோ சொல்லி, நான் செத்துப்போனன் எண்டு லண்டனிலையிருந்து தங்கச்சி எடுத்துக் குழறுறாள். என்னட்டையே எடுத்து என்ரை செத்தவீடு எப்ப எண்டு கேக்கிறாள். அங்கை என்ன செய்யிறியள்?"

"நீ சாகேல்லையோ?"

"சோறு தீத்திக்கொண்டு நிக்கிறன். சாகவும் நேரமில்லை. உங்கடை பாட்டுப் பெட்டியை முதல்லை நிப்பாட்டுங்கோ."

றீற்றா உயிரோடு இருக்கிறாள் என்று நான் அறிவித்தேன். சனங்கள் மாதாவுக்கு நன்றி சொன்னார்கள். பிறகு மெதுவாகக் கோபம் ஏறியது. ஞானம்மா அக்கா முக்காட்டை இழுத்துவிட்டார்.

"அப்ப உயிரோடை இருக்கிற வீட்டிலை ஏன் தம்பி பெட்டி தூக்கிற பாட்டுப் போட்டனி? உனக்கென்ன விசரோ?"

"உவனுக்குக் காசு கூடிப்போச்சு, அக்கா" என்றான் மத்தேசு. "நேற்று வந்து வடை தாறன் பாட்டுக் கேக்க வா எண்டவன். வரேல்லை எண்டவுடனை பெண்சாதியைச் சாக்காட்டிப்போட்டான்."

"நான் ஒருத்தரையும் சாக்காட்டேல்லை."

"அப்ப ஆர் செத்தது? ஆரோ செத்திருக்கவேணுமே. கதிரையெல்லாம் இறக்கியாச்சு."

சீலா இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"யென்ஸ்" என்றேன்.

"அதார்?"

நின்றபடியே சொன்னேன். தபால்காரர் என்றேன். நிலக்கீழ் அறை, ஊசி, பனி அள்ளியது, மகள் சொன்னது, கோப்பியும் கேக்கும், எல்லாம் சொன்னேன். இத்தனை நாளும் ஒருவருக்கும் முழுதாகச் சொல்லாததைத் தெரு முழுக்கச் சொன்னேன். ஞானம்மா அக்கா இறக்கி வைத்திருந்த கதிரை ஒன்றில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வாசகசாலைக்காரரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பாவம், பாண்ட் இல்லாமலோ தாட்டவை?" என்றார் ஞானம்மா அக்கா.

"அவர்தான் வேண்டாம் எண்டவர்."

"மற்றவைக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது எண்டு சொல்லியிருப்பார். நல்ல மனிசர் அப்பிடித்தான் சொல்லுவினம். அதைக் கேட்டு நடக்கிறதோ?"

"இல்லை" என்றான் மத்தேசு. "கேட்டுக்கொண்டிருந்த மனிசன். பெட்டிக்குள்ளை கிடந்தால் தனக்குக் கேக்காது. தான் கேக்காத பாட்டை மற்றவன் ஏன் கேக்கவேணும் எண்டு நினைச்சிருப்பான்."

"அவர் அப்பிடி எரிச்சல்காரர் இல்லை."

"செத்தால் எல்லாரும் எரிச்சல்காரர்தான்."

இரண்டு காரணங்களும் சரிபோல இருந்தன. இரண்டும் யென்ஸ் இல்லை.

பக்கம் முடிந்தது. ஊசி நடுவில் கீர் கீர் என்று சுற்றியது. நான் எழும்பவில்லை. அந்தத் தெருவில் ஒருவருக்கும் வியாழக்கிழமைச் சட்டம் தெரியாது. ஆனால் ஒருவரும் கதைக்கவில்லை. செத்தவீட்டில் செபம் முடிந்த பிறகு முதலில் எழும்புகிறவராக இருக்க யாரும் விரும்பமாட்டார்கள். அது எங்கள் வழக்கம். யென்ஸின் அறையில் இருந்த அதே அமைதி, வெயிலோடும் காகத்தோடும் என் விறாந்தையில் இருந்தது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

எழும்பிப் போய் ஊசியைத் தூக்கினேன். றெக்கோட்டை மட்டைக்குள் வைக்கப் போனேன்.

"ஏன், மற்றப் பக்கம் இல்லையோ?" என்றார் ஞானம்மா அக்கா.

"இருக்கு. அவர் கேக்காமல் வைச்சிருந்தவர்."

"நீ?"

"நானும் கேக்கேல்லை."

"போடன் தம்பி. பாதியிலை எழும்பிப் போறதோ?"

நான் றெக்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஆயுள் முழுக்க மிச்சம் பிடித்தது. யாருக்காகப் பிடித்தார்? அவரிடமே கேட்டிருக்கவேண்டும். நான் அந்த நேரம் மீன் உவமை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். போடு என்று இந்தச் சனம் சொல்கிறது. இவர்கள் அவரைக் கண்டதுமில்லை. ஆனால் அவருக்காக முக்காடு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள் மட்டும்தான். புரட்டினேன். ஊசியை வைத்தேன்.

முதலில் மேளம் தனியே வந்தது. பிறகு திருக்கை ஓடத் தொடங்கினார், மணலைக் கிளப்பிக்கொண்டு. சீலா துள்ளிப் பாய்ந்தார். வாசகசாலைக்காரர் ஒருவரின் கால் ஆடியது. அவர் அதை மற்றக் காலால் மிதித்துப் பிடித்தார்.

"உது திருநாள் நடையெல்லோ" என்றான் மத்தேசு.

ஞானம்மா அக்கா முக்காட்டை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுவதா சிரிப்பதா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள், நான்தான் வீட்டுக்காரன் என்றபடியால். எனக்கு என்ன தெரியும்?

மத்தேசு என் பக்கம் சாய்ந்து, "அந்த மனிசன் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்?" என்று கேட்டான்.

"ஒண்டும் சொல்லமாட்டார்" என்றேன். "ஊசியைத் தூக்குமட்டும் ஒருத்தரும் கதைக்கக்கூடாது. அது அவரின்ரை சட்டம். முதன்முதலாய் நான் அங்கை போன அண்டைக்கு…"

"அப்ப நீயும் வாயைப் பொத்தன்" என்றான் மத்தேசு.

பொத்தினேன்.